சவரக்கத்திக்குக் கடைசிக் கல்: குறைந்த செலவில் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

காவிரி டெல்டாவில் மண்ணைத் தோண்டினால் வண்டல் வரும், அதற்கடியில் மணல் வரும், கல் வராது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல்லை வெளியிலிருந்துதான் இழுத்து வந்தார்கள். நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும்கூட வேறு ஊரிலிருந்து வண்டியேறி வந்தவைதான். சவரக்கத்தி தீட்டும் கல் இன்னும் தூரத்துச் சரக்கு. பெல்ஜியம், ஜப்பான், சீனா என்று எங்கிருந்தோ வர வேண்டும். கல்லின் விலையோடு தபால் செலவு, சில சமயம் சுங்க வரி எல்லாம் சேரும். தவறான கல்லை வாங்கிவிட்டால் கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் போய் மாற்றிக்கொள்ளவும் முடியாது. அதனால் வாங்குமுன் கொஞ்சம் நிதானம் தேவை.

சலூன்களில் இப்போது பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டும் கத்திதான் புழங்குகிறது. சுகாதாரத்துக்கு அதுவே சரி. மடக்கு சவரக்கத்தியைக் கையில் வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. தாத்தாவின் அடைப்பத்திலிருந்து (சவரப் பெட்டியிலிருந்து) ஜெர்மனியின் ஜோலிங்கன் ஊரில் செய்த ஒரு பழைய கத்தி கிடைத்து, அதை உயிர்ப்பிக்க நினைப்பவர்கள் ஒரு வகை. பிளேடு வாங்கி அலுத்து, வீட்டில் தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளப் புதிதாக இதில் இறங்கியவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபினிஷிங் கல்லை, அதாவது தீட்டும் வேலையை முடித்துவைக்கும் கடைசிக் கல்லை, கடைசியாக வாங்குங்கள், மலிவாக வாங்குங்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் 1000, 8000 கிரிட் கற்கள் (கிரிட் எண் ஏற ஏறக் கல்லின் துகள் நயமாகும்). அந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால் ஃபினிஷிங்குக்குச் சில நூறு ரூபாய்ச் சரக்கே போதும். அவை சரியில்லை என்றால் ஜப்பானின் மிக உயர்ந்த கல்லை வாங்கி வைத்தாலும் கன்னம் எரியத்தான் செய்யும்.

கடைசிக் கல் என்ன செய்கிறது

சவரக்கத்தியைத் தீட்டும்போது அதன் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்திருக்கும். கோணத்தை நாம் பிடிக்க வேண்டியதில்லை. முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானித்துவிடும். பெரும்பாலான கத்திகளில் அது 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கும்.

1000 கிரிட் கல் வாயை ஒட்டிய இரண்டு பக்கச் சரிவையும் ஒரே கோட்டில் சந்திக்க வைக்கிறது. உண்மையான கூர் பிறப்பது அங்கேதான். 3000 முதல் 5000 வரையிலான கல் அது விட்ட கீறலை எடுக்கிறது. 8000 கல்லிலிருந்து எடுத்த கத்தி தாராளமாகச் சவரம் செய்யும். அதற்குமேல் வரும் கல் அந்தக் கூரை இன்னும் மெல்லியதாக்கி, முகத்தில் மெத்தென்று போகச் செய்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. தாடை முனையில் முடியை இழுக்கும் கத்தியை அது சரி செய்யாது, கத்தி வாயில் விழுந்த பல்லை (சின்ன உடைவை) எடுக்காது, சந்திக்காத சரிவைச் சந்திக்க வைக்காது.

வாங்குமுன் கத்தியைச் சோதியுங்கள்

ஃபினிஷிங் கல் தேடும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது 1000 கல்லில் இன்னும் அரை மணி நேரம். உங்களுக்கு எது தேவை என்று இப்படிப் பாருங்கள்.

டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்று, கத்தியின் வாய் மேலே பார்க்கும்படி பிடியுங்கள். நேராக வாயைப் பார்த்தபடி மெல்ல முன்னும் பின்னும் சாயுங்கள். ஒழுங்காகத் தீட்டிய வாய் கண்ணுக்கே தெரியாது. எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளியோ கோடோ மினுக்கினால் அந்த இடத்தில் கூர் இல்லை. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு அங்கே தட்டையாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது மார்க்கர் சோதனை. பார்சலில் முகவரி எழுதும் பெர்மனென்ட் மார்க்கரால் சரிவு முழுக்க, வாயின் ஓரம் வரை மை பூசுங்கள். கல்லில் தண்ணீர் விட்டு, அழுத்தாமல் இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்தது, எங்கே நிற்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் கல் எங்கே தொடவில்லை என்று தெரிந்துவிடும். முதுகுப் பக்கம் அழிந்து வாயோரத்தில் மை நின்றால், கடைசிக் கல்லில் ஆயிரம் முறை இழுத்தும் பயனில்லை. லென்ஸுக்காக அலைய வேண்டாம். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் போதும். கைபேசி கேமராவில் மாட்டும் சின்ன மைக்ராஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது.

1000 கல்லை முடித்ததும் கை முடியைத் தோலோடு ஒட்டி, வாயின் நீளம் முழுக்க ஒரே மாதிரி வழிக்க வேண்டும். 8000 முடிந்ததும் தோலைத் தொடாமல், சற்று உயரத்திலேயே முடி நுனி துண்டாக வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் மட்டும் மேலே படியுங்கள். நடக்கவில்லை என்றால் காசை மிச்சப்படுத்திக்கொண்டு 1000 கல்லுக்குத் திரும்புங்கள்.

கிரிட் எண்ணில் ஏமாறாதீர்கள்

கல்லின் மேல் அச்சிட்ட எண் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவு அல்ல. ஜப்பானியத் தர அளவில் 8000 என்றால் துகள் சுமார் 1.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஷாப்டன் கம்பெனிக்காரர்கள் தங்கள் 8000 கல்லுக்கு 1.84 மைக்ரான் என்றும், 16000 கல்லுக்கு 0.92 மைக்ரான் என்றும் சொல்கிறார்கள். நானிவா கம்பெனியின் 12000 கல் ஏறக்குறைய 1 மைக்ரான். அதாவது ஒருவருடைய 12000, இன்னொருவருடைய 16000 இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நயம்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2000 வாட்டர் பேப்பரை ஜப்பானிய 2000 கல்லுக்குச் சமம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் பெரும்பாலும் எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'பி' எழுத்து போட்டிருக்கும். அந்தக் கணக்கில் 2000 என்பது சுமார் 10 மைக்ரான்; ஜப்பானிய 1000 கல்லுக்குத்தான் அது பக்கத்தில் வரும்.

இயற்கைக் கல்லுக்கு எண் போடுவது இன்னும் வேடிக்கை. பூமியிலிருந்து வெட்டி எடுத்த கல்லில் துகள் ஒரே அளவில் இருக்காது. துகளின் வடிவமும் கல்லின் இறுக்கமும்தான் அங்கே பேசும். சீனக் கல்லின் அட்டைப்பெட்டியில் 12000 என்று போட்டிருந்தால் அதை விற்பனையாளரின் ஆசை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பைக்கு ஏற்ற கல்

*சில நூறு ரூபாய்க்குள்: லேப்பிங் ஃபிலிம்*

இது கல்லே இல்லை. பிளாஸ்டிக் தாளில் ஒரே சீரான அலுமினியம் ஆக்ஸைடு துகள் ஒட்டியிருக்கும். 3எம் கம்பெனியின் ஃபிலிம் ஆப்டிக்கல் ஃபைபர் முனைகளை மெருகேற்றப் பயன்படுவது. 12, 9, 3, 1, 0.3 மைக்ரான் என்று பல நயங்களில் வரும். நமக்கு வேண்டியது 1 மைக்ரான் தாள், ஆசைப்பட்டால் 0.3 மைக்ரானும்.

கண்ணாடிக் கடையில் 10 மில்லிமீட்டர் கனத்தில் கத்தியைவிட நீளமான ஒரு துண்டு வெட்டி, ஓரம் தேய்த்து வாங்குங்கள். கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, அதன் மேல் தாளை விரித்து, காற்றுக் குமிழியை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றினால் தாள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதில் மிகுந்த கவனம் வேண்டும். தாளுக்கு அடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் அந்த மேடு கத்தியின் வாயைக் கெடுக்கும், தாளும் கிழியும். ஒன்றிரண்டு கத்தி வைத்திருப்பவருக்கு இதைவிட மலிவான, இதைவிட நம்பகமான ஃபினிஷ் கிடையாது. தட்டை செய்யும் வேலையும் மிச்சம். குறை என்னவென்றால் தாள் தேயும், திரும்ப வாங்க வேண்டும். இதில் வரும் கூர் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். மென்மையான தோல் உள்ளவர்களுக்கு அது உண்மைதான்.

*ஃபிலிமுக்கு அடுத்த படி: சீனத்துக் குவாங்சி கல்*

தெற்குச் சீனாவின் குவாங்சி மாநிலத்திலிருந்து வரும் சாம்பல் நிற இயற்கைக் கல். பெரிய கல், கனமான கல், விலை குறைந்த கல். கூடவே, மேலே உரசிக் குழம்பு எழுப்ப ஒரு சின்ன தேய்ப்புக் கல்லும் சில சமயம் வரும். மிகவும் இறுகியது, தண்ணீரைக் குடிக்காது, சுலபத்தில் தேயாது. ஒன்று வாங்கினால் உங்கள் காலம் முழுக்க வரும், பிள்ளைக்கும் மிஞ்சும்.

இதன் சங்கடம் வேகம். 8000 கல்லில் 30 முறை இழுத்து முடிக்கும் வேலைக்கு இதில் நூறு, இருநூறு என்று போக வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு வேலை இல்லாதவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அவசரக்காரருக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். 6000 கல்லோடு நிறுத்திவிட்டு நேரே இதற்குத் தாவாதீர்கள். 6000 விட்ட கீறலை இந்தக் கல் எடுத்து முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

வீட்டில் ஒரே ஒரு நிரந்தரக் கல் வேண்டும், அவசரமில்லை என்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

*சில ஆயிரம் ரூபாய்: கோட்டிக்கூல் துண்டு*

பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கலந்த வெளிர் நிறக் கல். இதில் வெட்டுவது நுண்ணிய கார்னெட் மணிகள். தேய்ப்புக் கல்லால் உரசிக் குழம்பு எழுப்பினால் வேகமாக வெட்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக் குழம்பை நீர்த்துப்போக விட்டால் வேகம் குறைந்து மெருகு கூடும். கடைசியில் தெளிந்த தண்ணீரில் முடிக்க வேண்டும். ஒரே கல்லில் நடு வேலையும் கடைசி வேலையும் ஆகிவிடும்.

நீள்சதுரமாக வெட்டிய பெரிய கல் நம் பைக்கு ஒத்துவராது. ஒழுங்கில்லாத வடிவில் வெட்டிய மிச்சத் துண்டுகளை, பிரெஞ்சில் 'பூ' (bout) என்பார்கள், தனியாக விற்கிறார்கள். கல் அதேதான், வடிவம்தான் கோணல். சவரக்கத்திக்கு அந்தக் கோணல் ஒரு தடையே இல்லை. இதன் கூர் தோலுக்கு இதமானது. தாடி முரடாக இல்லாமல், தோல் மென்மையாக இருப்பவர்கள் காசு சேர்த்து இதையே வாங்கலாம்.

*அதே ஆயிரங்களில்: 12000 செயற்கைக் கல்*

நானிவா 12000 இந்த வகையில் பெயர் பெற்றது. வேகம் உண்டு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பலன் உண்டு, கற்றுக்கொள்வதும் சுலபம். பல கத்திகளைப் பராமரிப்பவருக்கு இதுதான் கட்டுப்படியாகும். ஒரு கத்திக்காரர் இதை வாங்குவது ஆடம்பரம் என்பேன். இது ஊறவைக்கும் கல் அல்ல, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தால் இளகிப்போகும். ஈரக் கல்லை நம் சித்திரை வெயிலில் காய வைத்தால் வெடிப்பு விடும். நிழலில் தானாக உலரட்டும்.

*மற்றவை, சுருக்கமாக*

அமெரிக்காவின் அர்க்கன்சா கல், அதிலும் கருப்பும் ஒளி ஊடுருவும் வகையும், நல்ல ஃபினிஷ் தரும். எண்ணெய் வேண்டும், பொறுமை வேண்டும், விலையும் இறங்கி வராது.

பழைய சலூன்களின் டிராயரில் உள்ளங்கை அகலத்தில் சின்னக் கல் ஒன்று கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பார்பர் ஹோன் என்று பெயர். ஸ்வாட்டி என்று எழுதியிருந்தால் யோகம்தான். மழுங்கத் தொடங்கிய கத்தியை நாலைந்து இழுப்பில் மீட்கும். ஆனால் ஓரம் உடைந்திருந்தாலும் நடுவில் குழி விழுந்திருந்தாலும் காசு கொடுக்க வேண்டாம்.

'10000 கிரிட் அகேட்', '3000 கிரிட் ரூபி' என்று இணையக் கடைகளில் மலிவாக வரும் வழவழப்பான கற்களைத் தவிர்க்கலாம். அவை வெட்டுவதைவிட மெருகிடும் ரகம். பலவற்றில் இயந்திரம் விட்ட கோடுகள் அப்படியே இருக்கும். அதைத் தட்டையாக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 3000 என்று விற்கும் டைமண்ட் தகடும் வேண்டாம். நடுவே ஒரு பெரிய துகள் துருத்தியிருந்தால் ஆழமான கீறல் விழும்.

ஹார்டுவேர் கடையின் இருபக்கக் கார்போரண்டம் கல் அரிவாள்மனைக்கும் உளிக்கும் தங்கமானது. சவரக்கத்தியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதே மாதிரி, நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையிலும் பாத்திரப் பட்டறையிலும் பளபளப்பேற்றும் பச்சைக் கட்டி கிடைக்கிறதே என்று, தீட்டிய கத்தியைக் கடைசியாக இழுக்கும் தோல் வாரில் பூச வேண்டாம். பல கட்டிகளில் குரோமியம் ஆக்ஸைடோடு பெரிய துகளும் கலந்திருக்கும். வாருக்கு வேண்டியது 0.5 மைக்ரான் தூய குரோமியம் ஆக்ஸைடு.

கேட்டு வாங்க வேண்டியவை

நீளம் 8 அங்குலம், அகலம் 3 அங்குலம் என்றால் வசதி. காசு குறைவென்றால் 6 அங்குல நீளம், 2 அங்குல அகலமும் போதும். கத்தியைக் குறுக்காக இழுக்கப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. கனம் முக்கியமில்லை, ஃபினிஷிங் கல் மெல்லத்தான் தேயும்.

இயற்கைக் கல்லானால் ஈரமாக்கி எடுத்த படம் கேளுங்கள். காய்ந்த கல்லில் மறைந்திருக்கும் விரிசலும் வேறு நிறக் கோடும் தண்ணீர் பட்டதும் தெரியும். விற்பவர் படம் அனுப்ப யோசித்தால் நீங்கள் வாங்க யோசியுங்கள். கோடு இருந்தாலே கெட்ட கல் இல்லை. விரல் நகத்தால் குறுக்கே வருடும்போது நகம் தட்டும் கோடுதான் ஆபத்து.

கல்லைத் தயார் செய்தல்

புதுக் கல் தட்டையாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஸ்டீல் ஸ்கேலைக் கல்லின் மேல் நெட்டாகவும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் கசியும் இடம் பள்ளம்.

கிரானைட் கடையில் வெட்டி எறிந்த பாலிஷ் துண்டு ஒன்று கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதன் மேல் 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு ஒட்டுங்கள். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, எட்டு எழுதுவது போலச் சுழற்றித் தேய்யுங்கள். அவ்வப்போது கல்லைத் திருப்பிப் பிடியுங்கள், இல்லையென்றால் கை அழுத்தும் பக்கம் அதிகம் தேயும். கட்டம் முழுதாக அழிந்ததும் மறுபடி கட்டம் போட்டு 800, பிறகு 1500, 2000 என்று போங்கள். சீனக் கல், அர்க்கன்சா போன்ற இறுகிய கற்களுக்கு இந்தக் கடைசிப் படி மிக முக்கியம். அவற்றின் முகம் எவ்வளவு வழவழப்போ, அவை தரும் கூரும் அவ்வளவு நயம். செயற்கைக் கல்லுக்கு 1000 வரை போனாலே போதும்.

மயிலாடுதுறைப் பக்கம் வயதான சலூன்காரர் ஒருவரிடம் என் கல்லைக் காட்டினேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. கட்டை விரலால் நாலு ஓரத்தையும் தடவினார். "ஓரத்தை மழுக்கலையே தம்பி, கத்தி வாயில பல்லு விழுந்துடும்" என்றார். "எவ்வளவுண்ணே மழுக்கணும்?" என்றதற்கு, "கையில குத்தாத அளவுக்கு" என்று சொல்லிவிட்டுக் கல்லைத் திருப்பிக் கொடுத்தார். அந்த அளவு சரியாக இருக்கிறது. வாட்டர் பேப்பரில் கல்லை 45 டிகிரி சாய்த்து நாலு ஓரத்தையும் சில முறை தேய்த்தால் போதும்.

கடைசியில் கல்லை நன்றாகக் கழுவுங்கள். வாட்டர் பேப்பரிலிருந்து உதிர்ந்த துகள் ஒன்று தங்கினாலும் கத்தி காட்டிக்கொடுத்துவிடும்.

கத்தியை முடிக்கும் முறை

8000 கல்லிலிருந்து வந்த கத்தியைக் கழுவித் துடையுங்கள். அந்தக் கல்லின் குழம்பைப் புதுக் கல்லுக்குக் கொண்டுவர வேண்டாம். முதுகில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்டியிருந்தால் இங்கேயும் புதிதாக ஒரு சுற்று ஒட்டுங்கள். நடுவில் டேப்பை எடுத்தால் கோணம் மாறி, வாயைக் கல் தொடாது.

கல்லில் தெளிந்த தண்ணீர் விடுங்கள். கத்தியின் முதுகும் வாயும் படிய வைத்து, வாய் முன்னால் போகும்படித் தள்ளுங்கள். தள்ளும்போதே அடியிலிருந்து நுனி வரை எல்லாப் பகுதியும் கல்லைத் தொடும்படி குறுக்காக நகர்த்துங்கள். முடிந்ததும் முதுகின் மேல் உருட்டித் திருப்பி மறுபக்கம். வாயின் மேல் ஒருபோதும் திருப்பாதீர்கள்.

இந்த இடத்தில் கண்ணைக் கத்தியின் வாயிலேயே வையுங்கள். வாய் உண்மையில் கல்லோடு படிந்திருந்தால் முன்னால் இருக்கும் தண்ணீர் சின்ன வரப்பாகத் திரண்டு, வாயின் மேலேறிக் கத்தியின் முகத்தில் வழியும். வாய் கல்லைத் தொடாத இடத்தில் தண்ணீர் அடியில் நுழைந்துபோய்விடும். நீளம் முழுக்க ஒரே மாதிரி தண்ணீர் ஏறுகிறதா என்பதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. நுனியில் மட்டும் ஏறவில்லை என்றால் நுனி கல்லில் படியும்படி கைப்பிடியை லேசாக உயர்த்துங்கள், அழுத்த வேண்டாம்.

அழுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் விரலின் பாரம் சற்று இருக்கலாம். கடைசி 20, 30 இழுப்பில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டுமே. விரல்கள் கத்தி தவறாமல் பார்த்துக்கொள்ளட்டும், போதும். அழுத்தினால் மெல்லிய வாய் வளையும், கல் சரிவைத்தான் தேய்க்கும். வாய் நயமாகாது.

எத்தனை இழுப்பு? ஃபிலிமில் 20 முதல் 30. 12000 செயற்கைக் கல்லில் 30 முதல் 50. கோட்டிக்கூலில் குழம்பு நீர்த்துத் தெளிந்த பிறகு 50. சீனக் கல்லில் நூறுக்குக் குறையாமல். இதெல்லாம் தொடக்கக் கணக்குதான், உங்கள் கத்தியின் எஃகு இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். இன்னொரு அடையாளமும் உண்டு. வேலை முடியும் தறுவாயில் வழவழப்பான கல்லும் தட்டையான சரிவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, கத்தி கல்லில் லேசாக ஒட்டுவது போலக் கைக்குத் தெரியும். அதற்குமேல் தேய்க்க வேண்டாம்.

சீனக் கல்லில் வேகம் வேண்டும் என்று தேய்ப்புக் கல்லால் குழம்பு எழுப்பலாம். ஆனால் குழம்போடு முடிக்காதீர்கள். மிதக்கும் துகள்கள் முன்னேறி வரும் வாயில் மோதி அதை மழுங்கடிக்கும். கழுவி, தெளிந்த தண்ணீரில் இன்னொரு சுற்றுப் போக வேண்டும்.

எண்ணெய்க் கல்லானால் தையல் மிஷின் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகிக் கல்லின் கண்ணை அடைக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து நிற்கும்.

அப்புறம் தோல் வார். வாயைப் பின்னால் விட்டு, முதுகு முன்னால் போகும்படி இழுக்க வேண்டும். துணி வார் இருந்தால் முதலில் அதில் 20, பிறகு தோலில் 50. வாரைத் தொய்ய விடாதீர்கள். தொய்ந்தால் வாய் உருண்டுவிடும், இவ்வளவு நேரம் பட்ட பாடும் அதோடு போகும்.

சோதனையும் திருத்தமும்

தலைமுடி ஒன்றை வேர்ப் பக்கம் பிடித்து, வாயின் மேல் தொங்கவிட்டுத் தாழ்த்தினால் தானாகத் துண்டாக வேண்டும் என்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் எண்ணெய் தேய்த்த முடி வழுக்கும். சீயக்காயோ ஷாம்பூவோ போட்டுக் குளித்த முடியை எடுங்கள். எப்போதும் ஒரே தலையின் முடியையே பயன்படுத்துங்கள்; ஒருவர் முடி போல இன்னொருவர் முடி வெட்டுப்படாது.

கடைசித் தீர்ப்பு கன்னத்தில்தான். முடி வளரும் திசையிலேயே முதல் வழிப்பு. முடியை இழுத்தால் கூர் போதவில்லை. 8000 கல்லுக்குத் திரும்புங்கள், அதிலும் சரியாகவில்லை என்றால் 1000. சுத்தமாக வெட்டுகிறது, ஆனால் எரிகிறது என்றால் வாயில் மெல்லிய பிசிறு நிற்கலாம். வாரில் இன்னும் 30 போடுங்கள், அடுத்த சவரத்தில் பாருங்கள். அப்போதும் எரிந்தால் 8000 கல்லில் பாரமில்லாமல் பத்து இழுப்பு, பிறகு ஃபினிஷிங் கல். வாயின் ஒரு பகுதி மட்டும் இழுக்கிறது, மற்றது பட்டாகப் போகிறது என்றால் மார்க்கரை மறுபடி எடுங்கள். அந்த இடத்தைக் கல் தொடவேயில்லை.

சில நூறு ரூபாய்க்குப் பளபளவென்று வரும் புதுக் கத்திகளில் எஃகு சரியாகப் பதம் ஏறாதவை நிறைய. என்ன கல் போட்டாலும் இரண்டாம் சவரத்தில் வாய் மடங்கும். அப்படி நடந்தால் கல்லைக் குறை சொல்லாமல் கத்தியை மாற்றுங்கள். பழைய ஜோலிங்கனோ இங்கிலாந்தின் ஷெஃபீல்டோ துருப்பிடித்துக் கிடைத்தாலும் அதுவே மேல்.

டெல்டா தண்ணீரும் ஈரமும்

நாகப்பட்டினம், வேதாரண்யம், தரங்கம்பாடி என்று கடலோரமாகப் போனால் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு தூக்கலாக இருக்கும். சவரக்கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. உப்புத் தண்ணீர் பட்டு அப்படியே விட்டால் மறுநாள் வாயோரத்தில் செம்புள்ளி நிற்கும். அந்தப் புள்ளி விழுந்த இடத்தில் மறுபடி 1000 கல்லிலிருந்து தொடங்க வேண்டிவரும். தீட்டுவதற்கும் அலசுவதற்கும் குடிக்கும் கேன் தண்ணீரை ஒரு சொம்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் துடைத்து, மின்விசிறிக் காற்றில் சற்று நேரம் திறந்து வைத்து, வாயில் விரல் படாமல் இருபக்கமும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவுங்கள். வாயோரத்துக்கு எண்ணெய் தொட்ட பஞ்சு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கத்தியைக் குளியலறையில் வைக்கவே கூடாது. மடித்துவிட்டால் கைப்பிடிக்குள் ஈரம் தங்கும். அரிசி டப்பாவில் போடுவதெல்லாம் வேண்டாம். எண்ணெய் போட்ட துணியில் சுற்றி, பீரோவில் வையுங்கள். தோல் வாரில் பூஞ்சை பூக்கும் காலமும் அதுதான். காய்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும்.

கத்தியை இன்னொருவருக்கு இரவல் கொடுக்காதீர்கள். வாரையும் அதில் பூசிய பசையையும் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய முடியாது.

தினமும் வாரில் இழுத்துவந்தால் ஒரு முறை முடித்த கூர் சில வாரங்கள் நிற்கும். வார் போட்டும் இழுக்கத் தொடங்கினால் ஃபினிஷிங் கல்லில் 20 இழுப்பு, சீனக் கல்லானால் 50. அதிலும் மீளவில்லை என்றால் 8000. வருடத்துக்கு ஒரு முறை கல்லின் முகத்தில் பென்சில் கட்டம் போட்டு, தட்டை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.